கறுப்புக் காரில் ஒரு சிலந்தி வலை

புதுக் காடி எடுத்தால் முதல் ஓட்டம் கோயிலுக்கு. கிள்ளான் பள்ளத்தாக்கில் நம்மவர் வீடுகளில் இது எழுதாத சட்டம். போன வருடம் தம்பி கறுப்பு நிறத்தில் உள்நாட்டுக் கார் ஒன்றை எடுத்தபோது, பிரிக்ஃபீல்ட்ஸ் ஜாலான் ஸ்காட் கந்தசுவாமி கோயிலுக்குத்தான் குடும்பத்தோடு போனோம். நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம். பானெட்டில் விபூதிப் பட்டை, சந்தனம், குங்குமம். வெயிலில் அந்தக் கறுப்பு கண்ணாடிபோல மின்னியது. அம்மா குனிந்து அதில் தன் முகத்தைப் பார்த்துப் பொட்டைச் சரிசெய்துகொண்டார்.

மூன்று மாதம் கழித்து ஓர் இரவு, கிள்ளானில் எண்ணெய் நிலையத்தில் நின்றுகொண்டிருந்தோம். எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்த தம்பி திடீரென்று, "அக்கா, இங்க வந்து பாரேன்" என்றான். மேலே எரிந்த எல்.இ.டி. விளக்கின் பிம்பம் பானெட்டில் விழுந்திருந்தது. அந்தப் பிம்பத்தைச் சுற்றி நூல் நூலாக, வட்ட வட்டமாக, சிலந்தி வலை பின்னியதுபோல நூற்றுக்கணக்கான மெல்லிய கோடுகள். கதவைப் பார்த்தோம், அங்கேயும் வலை. பூட்டின் மேல் இன்னும் மோசம்.

வழக்கமாகப் போகும் கார் வாஷ்காரர்கள்தான் கெடுத்துவிட்டார்கள் என்று தம்பி குதித்தான். ஒன்பது வருடக் கடன். மாதக் கணக்கில் 108 தவணை. (நம் ஆட்கள் 108 தேங்காய் உடைப்பது வேறு, 108 மாதம் வங்கிக்குக் கட்டுவது வேறு.) அதில் மூன்றுதான் முடிந்திருந்தது. கார் மட்டும் பத்து வருடம் ஓடிய மாதிரி நின்றது.

நான் எதுவும் சொல்லவில்லை. எனக்கு வேறொரு சந்தேகம் இருந்தது. அது வீட்டுக்குள்ளேயே இருந்த ஆளைப் பற்றியது. அந்தச் சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளப் படித்ததும், விசாரித்ததும், கையால் செய்து பார்த்ததும்தான் இந்தக் கட்டுரை.

முதலில் அந்த வட்டங்கள். யாரோ பானெட்டை வட்டமாகத் தேய்த்ததால் வந்தவை என்றுதான் எல்லாரும் நினைப்போம். கைப்பேசி விளக்கைப் போட்டு பானெட்டின் மேல் மெதுவாக நகர்த்திப் பாருங்கள். விளக்கு போகும் இடமெல்லாம் வட்டமும் கூடவே வரும். கீறல் நகருமா? நகராது. பூச்சின் மேல் எல்லாத் திசையிலும் கன்னாபின்னாவென்று கீறல்கள் இருக்கின்றன. ஒளி வரும் வழிக்குக் குறுக்காகக் கிடக்கும் கீறல்கள் மட்டுமே ஒளியை நம் கண்ணுக்குத் திருப்புகின்றன. மற்றவை மறைந்துவிடுகின்றன. குறுக்காகக் கிடப்பவற்றை மட்டும் சேர்த்துப் பார்த்தால் விளக்கைச் சுற்றி வளையம் போட்டதுபோலத் தெரியும். இதைப் பார்க்க கார்கூட வேண்டாம். வீட்டில் பல வருடம் துலக்கிய எவர்சில்வர் தட்டை விளக்கடியில் சாய்த்துப் பிடியுங்கள். அதே சிலந்தி வலை அங்கேயும் இருக்கும்.

அப்படியானால் வெள்ளைக் காரில் கீறல் விழாதா? விழும், அதே அளவுக்கு விழும். வெள்ளைப் பூச்சு தன்மேல் படும் ஒளியில் பெரும்பகுதியை எல்லாப் பக்கமும் திருப்பி அனுப்புகிறது. அந்த வெளிச்ச வெள்ளத்தில் கீறலின் சின்ன மினுக்கம் மூழ்கிவிடும், பகலில் நட்சத்திரம் தெரியாததுபோல. கறுப்போ உள்ளே போன ஒளியை விழுங்கிவிடுகிறது. மேலே மினுங்கும் கீறல் மட்டும் மிஞ்சுகிறது. ஹென்றி ஃபோர்டின் மாடல் டி கார் 1914 முதல் 1925 வரை கறுப்பில் மட்டும்தான் விற்றது. அந்தக் காலத்து மண்சாலையில் எவரும் பானெட்டில் விளக்கடித்துப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை என்பது ஃபோர்டின் நல்ல காலம்.

இன்னொரு விஷயம் தெரிந்தபோது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. கீறல் கறுப்பில் இல்லை. இன்றைய கார்களில் இரும்புத் தகட்டின்மேல் துரு காக்கும் பூச்சு, அதன்மேல் அடிப்பூச்சு, அதன்மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமே இல்லாத ஒரு பூச்சு என்று நான்கு அடுக்கு இருக்கிறது. கடைசி அடுக்கைத்தான் கிளியர் கோட் என்கிறார்கள். பளபளப்பைத் தருவதும், வெயிலின் புற ஊதாக் கதிரிலிருந்து நிறத்தைக் காப்பதும் அதுதான். அதன் கனம் பெரும்பாலும் 40, 50 மைக்ரான். நம் தலைமுடி ஏறக்குறைய 70 மைக்ரான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். முடியைவிட மெல்லிய அந்தச் சவ்வில்தான் நம் அழகு, கௌரவம், மறுவிற்பனை விலை எல்லாம் நிற்கிறது. சிலந்தி வலைக் கீறல்கள் அந்தச் சவ்வின் மேல்பரப்பில் ஓரிரு மைக்ரான் ஆழத்துக்கு இருப்பவை. நகத்தை ஓட்டிப் பார்த்தால் தட்டாது. நகம் சிக்கினால் அது வேறு கதை, ஆழக் கீறல்.

இனி அந்தச் சந்தேகம்.

அப்பா கிள்ளான் துறைமுகத்தில் கொள்கலன் லோரி ஓட்டியவர். வேலையை விட்டு நான்கு வருடம் ஆகிறது. காலை ஆறரைக்கு எழுந்து, பசியாறுவதற்கு முன்பே, கேட்டுக்குள் நிற்கும் தம்பியின் காரைத் துடைப்பார். முதலில் கோழி இறகுத் துடைப்பான், மலாய்க்காரர்கள் 'பூலு ஆயாம்' என்பார்களே, அதை வைத்து ஒரு தட்டு தட்டுவார். பிறகு சிவப்பு எழுத்து போட்ட வெள்ளை 'குட் மார்னிங்' துண்டால் சுற்றிச் சுற்றி ஓர் உலர்ந்த துடைப்பு. தன் லோரியை முப்பது வருடம் அப்படித்தான் துடைத்தார். லோரி கேட்கவா போகிறது? கோயிலுக்குப் போய்வந்த மறுநாள் காலை, பானெட்டில் காய்ந்திருந்த விபூதியையும் சந்தனத்தையும் அதே துண்டால்தான் தேய்த்து எடுத்தார்.

விபூதி பசுஞ்சாணத்தின் சாம்பல். அதில் சிலிக்கா நிறைய உண்டு. மணலில் இருக்கிற அதே பொருள்தான். நம் பாட்டிமார் தோட்டப்புறத்தில் பாத்திரத்தைச் சாம்பல் போட்டு ஏன் தேய்த்தார்கள்? சாம்பல் தேய்க்கும் என்பதால்தான். அதையே உலர்ந்த துணியோடு சேர்த்து முடியைவிட மெல்லிய பூச்சின்மேல் தேய்த்தால் என்ன ஆகும்? பித்தளைச் செம்பு பளிச்சிடும். கார் பளிச்சிடாது.

விபூதி ஒரு நாள் விவகாரம். தினமும் படியும் தூசிதான் பெரிய எதிரி. கூட்டரசு நெடுஞ்சாலையில் காலையும் மாலையும் ஊர்ந்து போகும் காரின்மேல் படிவது வெறும் மண் இல்லை. கட்டுமான இடத்துச் சிமெண்டுத் தூள், லோரிகளின் டீசல் கரி, முன்னே போகும் வண்டியின் பிரேக் தூள், சாலை மணல் எல்லாம் கலந்த கலவை. மணலில் இருக்கும் குவார்ட்ஸ் இரும்புச் சாவியையே கீறும். நெகிழிவகைப் பிசினால் ஆன கிளியர் கோட் அதற்கு எம்மாத்திரம்? புகைமூட்டக் காலத்தில் இதோடு காட்டுச் சாம்பலும் சேர்ந்துகொள்ளும். 2005 ஆகஸ்டில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500-ஐத் தாண்டி, கிள்ளான் துறைமுகத்திலும் கோலசிலாங்கூரிலும் அவசரநிலை அறிவித்தார்களே, அப்போது அப்பாவின் லோரிக் கண்ணாடியில் விரலால் பெயர் எழுதலாம்போல இருந்தது எனக்கு நினைவிருக்கிறது. எழுதவும் செய்தேன். தூசியில் எழுதும் பிள்ளையின் விரல்கூடக் கீறல் போடும் என்று அப்போது யார் சொன்னார்கள்?

ஆக, காரை அசுத்தமாக விட்டவர்களின் காரில் கீறல் குறைவு. தினமும் ஆசை ஆசையாகத் துடைத்தவர்களின் காரில் கீறல் அதிகம். இதை அப்பாவிடம் எப்படிச் சொல்வது? தம்பி சொல்லியிருந்தால் சண்டையாகியிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் எவர்சில்வர் தட்டையும் கைப்பேசி விளக்கையும் எடுத்துக்கொண்டு போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். தட்டைக் காட்டினேன். பிறகு பானெட்டைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப நான்தான் கெடுத்தேனா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்று பொய் சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. "நீங்க மட்டும் இல்லப்பா, கார் வாஷும்தான்" என்றேன். அது உண்மையும்கூட.

கார் வாஷ் கடைகளைப் பற்றி ஒரு வார்த்தை. பதினைந்து வெள்ளி வாங்கும் இடத்தில் ஒரு காருக்குக் கால் மணி நேரம்கூட ஒதுக்க முடியாது. வெயிலில் நின்று நாள் முழுக்கக் கழுவும் அந்த வெளிநாட்டுத் தம்பிகளைத் திட்டிப் பயனில்லை. அவர்கள் அடிக்கும் வெண்ணுரை நல்லதுதான், அது மண்ணை இளக்குகிறது. சிக்கல் அதற்குப் பிறகு வரும் பஞ்சில் இருக்கிறது. முந்தைய காரின் சக்கரத்தைத் தேய்த்த பஞ்சு, தரையில் விழுந்து எழுந்த துணி, ஒரே வாளித் தண்ணீரில் காலையிலிருந்து முக்கி எடுத்த துவாலை. உங்களுக்கு முன்னால் சேறு அப்பிய நான்கு சக்கர வண்டி ஒன்று கழுவப்பட்டிருந்தால் அதன் மணல் உங்கள் கறுப்புக் கதவுக்கு வந்து சேரும். தம்பி இப்போது அங்கே போனால், "தண்ணீரும் நுரையும் மட்டும் போதும், துணி வேண்டாம்" என்று சொல்லிவிட்டு ஈரக் காரோடு வீட்டுக்கு வந்துவிடுகிறான். கடைக்காரருக்கு வேலை மிச்சம். சிரித்துக்கொண்டே சம்மதிக்கிறார்.

வீட்டில் கழுவுவதுதான் சிறந்தது. அதற்கு வேண்டியவை நூறு வெள்ளிக்குள் அடங்கும்: இரண்டு வாளி, சடை சடையாக இருக்கும் மைக்ரோஃபைபர் கையுறை, கார் ஷாம்பு, துடைக்க ஒரு பெரிய மைக்ரோஃபைபர் துவாலை. பாத்திரம் கழுவும் சவர்க்காரம் வேண்டாம். அது மெழுகுப் பூச்சை உரித்துவிடும், கார் ஷாம்பு அளவுக்கு வழுக்காது. கைக்கும் பூச்சுக்கும் நடுவில் வழுக்கல் இருந்தால்தான் மணல் உருண்டு நழுவும், இல்லாவிட்டால் உழும்.

எல்லாவற்றிலும் முக்கியமான வேலை கை படுவதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும். நிழலில் நிறுத்துங்கள், பானெட் ஆறட்டும். முதலில் சக்கரங்களை அதற்கென்று வைத்த தனித் துணியால் கழுவி முடியுங்கள். பிறகு குழாயைத் திறந்து கூரையிலிருந்து கீழ்வரை நிதானமாக அடியுங்கள். அவசரப்படாதீர்கள், தண்ணீர் தள்ளிக்கொண்டு போகும் ஒவ்வொரு மணலும் உங்கள் கையுறையில் ஒட்டாத மணல். நுரைத் தெளிப்பான் இருந்தால் அடித்து, காய்வதற்குள் மறுபடி அலசுங்கள்.

இப்போதுதான் கையுறை. ஒரு வாளியில் ஷாம்பு, மற்றதில் வெறும் தண்ணீர். ஷாம்பில் தோய்த்துக் கூரையைத் துடைத்ததும், நேராக ஷாம்பு வாளிக்குத் திரும்பாமல், வெறும் தண்ணீர் வாளியில் கையுறையை நன்றாக அலசி, பிழிந்து, பிறகு ஷாம்பில் போடுங்கள். அழுக்கு ஒரு வாளியிலேயே தங்கிவிடும். முதல் தடவை அப்பா இதைப் பார்த்துவிட்டு, "கல்யாண வீட்டுப் பாத்திரம் கழுவுற மாதிரி இருக்கு" என்று சிரித்தார். கழுவி முடித்து அலசும் வாளியின் அடியில் தேங்கிய மணலை விரலால் தொட்டுப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. வாளி அடியில் போடும் சல்லடைத் தட்டு ஒன்று கடையில் விற்கிறது. மணல் கீழே தங்க, கையுறை மேலே நிற்கும். வாங்கினால் நல்லது.

வரிசை மேலிருந்து கீழே: கூரை, கண்ணாடிகள், பானெட், கதவின் மேல்பாதி. கதவின் கீழ்ப்பாதியும் பம்பரும் கடைசி, ஏனென்றால் சக்கரம் வாரி அடிக்கும் மண்ணெல்லாம் அங்கேதான் இருக்கிறது. அழுத்தக் கூடாது, கையுறையின் கனமே போதும். வட்டமாகத் தேய்க்காமல் நேர்க்கோட்டில் இழுக்கச் சொல்கிறார்கள். காரணம் நாம் ஏற்கெனவே பார்த்ததுதான். தப்பித் தவறிக் கீறல் விழுந்தாலும் ஒரே திசைக் கீறல் ஒரு கோணத்தில் மட்டும்தான் கண்ணில் படும். எல்லாத் திசைக் கீறல் எந்தப் பக்கம் நின்றாலும் தெரியும்.

துடைப்பதிலும் ஒரு தந்திரம் இருக்கிறது. குழாயின் முனையிலுள்ள தெளிப்பானைக் கழற்றிவிட்டுத் தண்ணீரை மெல்ல, போர்வை விரித்ததுபோலக் கூரையிலிருந்து ஓடவிடுங்கள். மெழுகு போட்ட காரில் முக்கால்வாசித் தண்ணீர் தானே வழிந்து போய்விடும். மிச்சத்துக்குப் பெரிய துவாலையை விரித்துப் போட்டு ஒற்றி எடுத்தால் போதும். துவாலை தரையில் விழுந்துவிட்டதா? அன்றைக்கு அது சக்கரத் துணி, அவ்வளவுதான். மைக்ரோஃபைபரை மற்றத் துணிகளோடு போட்டுத் துவைக்கக் கூடாது. துணியை மென்மையாக்கும் திரவத்தையும் ஊற்றக் கூடாது, அது இழைகளை அடைத்துவிடும். அம்மாவுக்குத் தெரியாமல் தம்பி அவற்றைத் தனியே துவைக்கிறான். தன் சட்டையை இந்த வயதிலும் அம்மாதான் துவைக்க வேண்டும்.

இதெல்லாம் கேட்டும் குழாயும் உள்ள வரிசை வீட்டுக்குச் சரி. என்னைப்போல பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்குமாடியில் இருப்பவர்கள்? பல கோண்டோக்களில் கார் நிறுத்துமிடத்தில் கழுவவே விடமாட்டார்கள். அங்கே கைகொடுப்பது அலசத் தேவையில்லாத ஷாம்பு. ஒரு வாளித் தண்ணீரில் மூடியளவு கலந்து, ஏழெட்டு மைக்ரோஃபைபர் துணிகளை ஊறவைத்து, ஒரு பக்கம் துடைத்ததும் துணியை மடித்துப் புதுப் பக்கத்துக்கு மாறுவது. சேறு அப்பிய காருக்கு இது ஆகாது, வாரத் தூசிக்குப் போதும். 2020 செப்டம்பரில் சிலாங்கூர் ஆற்றில் கழிவு கலந்து நான்கு சுத்திகரிப்பு நிலையங்களை மூடினார்களே, குடிக்கவே தண்ணீர் பிடித்துவைத்த அந்த நாள்களில் காருக்குக் குழாய் திறக்க யாருக்கு மனம் வரும்? அப்படிப்பட்ட நேரத்தில் காரைத் தூசியோடு விட்டுவிடுவதே நல்லது. தூசி சும்மா உட்கார்ந்திருந்தால் கீறாது, இழுத்தால்தான் கீறும். காருக்குப் போர்வை போடுபவர்களும் இதை நினைத்துக்கொள்ள வேண்டும். தூசிக் காரின்மேல் போர்வை போட்டுக் காற்று அடித்தால் அதுவும் ஒரு துடைப்புத்தான்.

காத்திருக்கக் கூடாத அழுக்கு ஒன்று உண்டு, பறவை எச்சம். அதிலும் கிள்ளான் காகங்கள். இந்தக் காகங்கள் உள்ளூர்க்காரர்கள் இல்லை. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் காப்பித் தோட்டங்களில் புழு தின்ன இலங்கையிலிருந்து கொண்டுவந்து கிள்ளானில் விட்டவற்றின் வாரிசுகள். காப்பி போய்விட்டது, காகம் பெருகிவிட்டது. பின்னாளில் கிள்ளான் நகராண்மைக் கழகமே துப்பாக்கிக்காரர்களை வைத்துக் காகம் சுடவேண்டி வந்தது. அமாவாசைக்கு நாம் வைக்கும் சோற்றைத் தின்றுவிட்டு அவை நம் பானெட்டிலேயே கணக்கு முடிக்கின்றன. மதிய வெயிலில் கறுப்புத் தகடு கை வைக்க முடியாத அளவு சூடேறும், அந்தச் சூட்டில் பூச்சு இளகும். காய்ந்து கெட்டியான எச்சம் அதன்மேல் தன் அச்சைப் பதித்துவிடும். பார்த்த உடனே ஈரக் காகிதத் துவாலையை அதன்மேல் போட்டு ஐந்து நிமிடம் ஊறவிட்டு, தேய்க்காமல் அள்ளி எடுங்கள். நான் என் காரில் ஒரு போத்தல் தண்ணீர் இதற்கென்றே வைத்திருக்கிறேன். 'மழை வரும், கழுவிவிடும்' என்று விடுபவர்களுக்கு: நம் ஊர் மாலை மழை தூசியை நகர்த்தும், போக்காது. அடுத்த நாள் வெயிலில் துளித் துளியாகக் கறை காய்ந்து நிற்கும்.

சரி, ஏற்கெனவே விழுந்த கீறலை என்ன செய்வது? இங்கேதான் பணம் கைமாறும் இடம். கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

கீறலைப் 'போக்குவது' என்றால் உண்மையில் கீறலின் ஆழத்துக்குச் சுற்றியிருக்கும் பூச்சைத் தேய்த்துச் சமமாக்குவது. மணலைவிட மிக நுண்ணிய துகள் கலந்த பசையை வைத்து இயந்திரத்தால் பாலிஷ் போடுகிறார்கள். லேசான பாலிஷ் ஓரிரு மைக்ரானை எடுக்கும், கனமானது அதைவிட அதிகம். இருப்பதே 40, 50. அதையும் முழுக்கத் தேய்க்க முடியாது, வெயிலைத் தடுக்கப் போதுமான கனம் மிஞ்ச வேண்டும். பழைய கார்களின் கூரை வெள்ளை பூத்துத் தோல் உரிந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள், கிளியர் கோட் செத்துப்போனால் அந்தக் கோலம்தான். அதனால் பாலிஷ் என்பது சேமிப்பிலிருந்து எடுத்துச் செலவழிப்பது. தீபாவளிக்குத் தீபாவளி போடும் சமாச்சாரம் இல்லை. கார் நம்மிடம் இருக்கும் காலத்தில் இரண்டோ மூன்றோ தடவை, அவ்வளவுதான்.

கடைக்குப் போனால் தம்பி கேட்ட கேள்விகளையே நீங்களும் கேளுங்கள். பூச்சின் கனத்தை அளக்கும் கருவி இருக்கிறதா? வைத்திருப்பவர் ஒவ்வொரு கதவாக அளந்து காட்டுவார். எந்த இயந்திரம்? ஒரே அச்சில் வேகமாகச் சுழலும் ரகம், கை தேர்ந்தவரிடம் இல்லாவிட்டால், சிலந்தி வலையை எடுத்துவிட்டு வெயிலில் அலை அலையாக மினுங்கும் வேறு தடத்தைப் போட்டுவிடும். சுழன்றுகொண்டே ஆடும் இரட்டை இயக்க ரகத்தில் ஆபத்து குறைவு. கடைசிக் கேள்வி மிக முக்கியம்: முடித்த பிறகு ஆல்கஹால் கலந்த திரவத்தால் துடைத்துக் காட்டுவீர்களா? சில பசைகள் கீறலைப் போக்காமல் எண்ணெயால் நிரப்பி மறைத்துவிடும். காரை எடுக்கும்போது கண்ணாடி மாதிரி இருக்கும், நான்காவது கழுவலில் சிலந்தி திரும்பி வந்துவிடும். துடைத்துக் காட்டத் தயங்கும் கடையிலிருந்து தம்பி திரும்பி வந்தான். இன்னொரு கடைக்காரர் கேட்பதற்கு முன்பே துடைத்துக் காட்டினார். அவரிடம்தான் வேலை கொடுத்தோம்.

அவரிடமும் 'செராமிக் கோட்டிங்' பேச்சு வந்தது. ஆயிரம் இரண்டாயிரம் வெள்ளி சொல்லும் சங்கதி. விளம்பரத்தில் '9எச் கடினம்' என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். வைரம் 10, இது 9, அப்படியானால் இனிக் கீறலே விழாது என்று நாம் கணக்குப் போடுவோம். அந்த 9எச் வைரத்தை வைத்து அளக்கும் அளவுகோல் இல்லை, பென்சில். பள்ளியில் எச்பி, 2எச் என்று பென்சில் வாங்கினோமே, அதே வரிசை. பூச்சின்மேல் பென்சிலைச் சாய்த்து அழுத்தித் தள்ளிக் கீறுகிறதா என்று பார்க்கும் சோதனை அது. 9எச் என்பது கெட்டியான ஒரு பென்சில். மணல் அதைவிட எத்தனையோ மடங்கு கெட்டி. கோட்டிங் போட்டால் தண்ணீர் முத்து முத்தாக உருளும், அழுக்கு எளிதில் கழன்று வரும், எச்சத்தைத் துடைக்கக் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும். கழுவும் வேலை குறைவதால் கீறலும் குறையும். அதற்காகப் போடலாம். உலர்ந்த துணியால் தேய்த்தால் கோட்டிங்கும் கீறும், அதன் அடியில் இருப்பதும் கீறும். உண்மையில் கீறலைத் தாங்கிக்கொள்வது ஒளி ஊடுருவும் பாலியூரித்தேன் படலம்தான். கிளியர் கோட்டைப்போலச் சில மடங்கு கனமானது. பல ரகங்களில் லேசான கீறல் வெயில் சூட்டிலேயே ஆறிவிடும். கார் முழுக்க ஒட்டினால் ஆகும் செலவைக் கேட்டுவிட்டுத் தம்பி தண்ணீர் குடித்தான். 108 தவணைக்காரனுக்கு அது தேவையில்லை என்பது என் கட்சி. பாலிஷ் ஒன்று, சாதாரணமான நல்ல மெழுகு, இரண்டு வாளி. அதோடு நிறுத்திக்கொண்டோம்.

பாலிஷ் போட்டு ஏழு மாதம் ஆகிறது. அதே எண்ணெய் நிலையத்தில் அதே விளக்கடியில் போய்ப் பார்த்தோம். பானெட் சுத்தம். பின்கதவில் மட்டும் மெல்லிய நாலைந்து கோடு. தம்பியின் சிநேகிதன் புத்தகப்பையோடு உரசிக்கொண்டு ஏறியதாக விசாரணையில் தெரியவந்தது. பக்கத்து வீட்டுப் பூனை பானெட்டில் தூங்குவதை இன்னும் யாராலும் நிறுத்த முடியவில்லை.

அப்பா இப்போதும் ஆறரைக்கு எழுகிறார். கோழி இறகுத் துடைப்பான் வீட்டுக்குள் அலமாரி தட்டப் போய்விட்டது. குட் மார்னிங் துண்டு அவர் தோளுக்குத் திரும்பிவிட்டது. வார நாளில் காரைச் சுற்றி ஒரு நடை நடந்து, எச்சம் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார். ஞாயிறு காலை இரண்டு வாளியும் அவர் கையில். தம்பியைக் கிட்டவே விடுவதில்லை. "நீ அலசாம முக்குற" என்பது குற்றச்சாட்டு.

ஆயுத பூசைக்கு மறுபடி கோயிலுக்குப் போனோம். ஐயர் விபூதித் தட்டோடு பானெட் பக்கம் வந்தபோது அப்பாதான் முன்னால் போய்ப் பணிவாகச் சொன்னார், "சாமி, கண்ணாடியில வெச்சிருங்க." ஐயர் சிரித்தார். "இப்பெல்லாம் கறுப்புக் காடிக்காரங்க எல்லாம் அப்படித்தான் சொல்றாங்க" என்றபடி முன்கண்ணாடியின் ஓரத்தில் மூன்று பட்டையும் நடுவில் ஒரு பொட்டும் வைத்தார். கண்ணாடி, பூச்சைவிடப் பல மடங்கு கெட்டி. வீட்டுக்கு வந்ததும் அப்பா தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டார், துணியே படாமல்.